வயிற்றைக் காட்டிய நாள்

ஹெலிகாப்டர் என் புருஷனுக்காக வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எங்கள் குப்பத்தில் அந்தக் கதை வேறு மாதிரி சுற்றியது. அவனுக்காகக் கப்பல்காரன் ஹெலிகாப்டரே அனுப்பினானாம் என்று மீன் விற்கிற இடத்தில்கூடப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. நடுக்கடலில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. அவர் உல்லாசப் பயணி. ஊரிலிருந்து கிளம்பும்போதே பயணக் காப்பீடு எடுத்திருந்தார். காப்பீட்டுக் கம்பெனிக்குச் செய்தி போனது, கரையிலிருந்து ஹெலிகாப்டர் வந்தது. அதே கப்பலின் கீழ்த்தளத்தில், சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற என் புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். வருகிற வண்டியில்தான் இடம் இருக்கிறதே, இவனையும் ஏற்றிவிடுங்கள் என்று கப்பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்யாண வேனில் சீட்டு மிச்சமிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்வோமே, அந்த மாதிரிதான் அவர் போனார்.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. மகாபலிபுரத்துக்கு இரண்டு பக்கமும் கடலோரமாக ஹோட்டல்கள் வரிசையாக எழும்பியிருந்தன. எங்கள் குப்பத்து ஆண்களில் பாதிப் பேர் கடலுக்குப் போனார்கள், பாதிப் பேர் அந்த ஹோட்டல்களின் சமையல்கட்டுக்குப் போனார்கள். ஹோட்டலில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவனைத் தேடிக் கப்பல் ஏஜென்ட் வருவான். உல்லாசக் கப்பலில் வேலை, சாப்பாடு இலவசம், தங்க இடம் இலவசம், நாடு நாடாகப் பார்க்கலாம் என்பான். நாடெல்லாம் ஒன்றும் பார்க்க முடியாது. என் புருஷன் இருந்த தளத்தில் ஜன்னலே கிடையாது. கடலிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், ஒன்பது மாதம் கடலுக்கு நடுவில் இருந்து கடலைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினார்.

கப்பலுக்குப் போகிறவனிடம், ஏற்கெனவே போய்விட்டு வந்தவன் ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் அனுப்புவான். உடம்புக்கு முடியவில்லை என்று வாயைத் திறக்காதே. திறந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டவனை மறுபடி கூப்பிட மாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டுப் பெட்டிகளில் துணியைவிட மாத்திரைதான் அதிகம் இருக்கும். காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, பல் வலிக்கு என்று தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, ஓமத் திரவம் இரண்டு பாட்டில் வைத்து, நானேதான் அடுக்கிக் கொடுத்தேன். வலது பக்கம் அடிவயிறு வலிக்க ஆரம்பித்ததும் அவர் அந்த ஓமத் திரவத்தைக் குடித்துக்கொண்டு குனிந்தபடியே வேலை செய்திருக்கிறார். நிமிர்ந்தால் வலித்ததாம். பாத்திரம் கழுவுகிறவன் குனிந்து நின்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? கடைசியில் கொதிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் விழுந்தபோதுதான் மேலே தெரிந்தது.

எனக்கு விஷயம் வந்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு. குப்பத்துக்கு வரும் போன் எல்லாம் அங்கேதான் வரும். பேசினது ஏஜென்ட். உங்கள் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், குடல்வால் வீக்கம், ஒன்றும் கவலைப்படாதீர்கள் என்றார். அதே மூச்சில், நீங்கள் ஒரு தரம் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கவலைப்படாதே என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்கிறவனை நான் எப்போதும் நம்பியதில்லை.

மறுநாள் அவரே பேசினார். ஏதோ ஒரு தீவு நாட்டின் ஆஸ்பத்திரியிலிருந்து, நர்ஸ் ஒருத்தியின் தயவில். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. முதல் நாள் ஆபரேஷன் என்றார்களாம், அப்புறம் கம்பெனியிலிருந்து பதில் வரட்டும் என்று நிறுத்திவிட்டார்களாம். ஊசி போட்டு வீக்கத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள், விமானத்தில் ஊருக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு என்றார். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்.

"அந்த டாக்டரம்மா என் வயித்தப் பாத்துட்டு, இந்தத் தழும்பெல்லாம் இன்னான்னு கேட்டா. சின்ன வயசுல வயித்து நோவு, அதுக்கு சுட்டாங்கன்னு சொன்னேன். அப்டியே எழுதிக்கினா."

உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கைக்குழந்தைக்கு வயிற்றால் போனாலும், மாந்தம் என்றாலும், ராத்திரி விடாமல் அழுதாலும், விரலி மஞ்சளை நெருப்பில் காட்டித் தொப்புளைச் சுற்றிச் சூடு வைப்பார்கள். மஞ்சள் காமாலை என்றால் முன்கையில் வைப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும், பிறகு களைத்துத் தூங்கிவிடும். தூங்கினதும் நோய் போய்விட்டது என்பார்கள். குழந்தை வளர வளரத் தழும்பும் கூடவே வளரும். என் முன்கையிலும் ஒன்று இருக்கிறது. முட்டுக்காட்டுப் பக்கம் பிறந்த எனக்கு அதை யார் வைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. என் புருஷனுக்குத் தொப்புளைச் சுற்றி மூன்று, வலது விலாவின் கீழே இரண்டு. வைத்தது என் மாமியார்.

அந்த மாமியாரோடு எனக்கு அப்போது பேச்சுவார்த்தை இல்லை. என் மகளுக்கு ஆறு மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்தபோது, நான் தண்ணீர் எடுத்துவிட்டு வருவதற்குள் அந்தம்மா அடுப்பில் மஞ்சளைக் காட்டிக்கொண்டிருந்தார். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, எரிகிற மஞ்சளைக் கையாலேயே பிடுங்கி வெளியே எறிந்தேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. பன்னிரண்டாவது படித்த திமிர் என்று அவர் தெருவில் நின்று கத்தினார். ஆமாம், அந்தத் திமிர்தான் என்று நானும் கத்தினேன். அன்றைக்கு ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு ஆனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டாக்டரிடம் காட்டினேன், உப்புச் சர்க்கரைக் கரைசலில் சரியாகிவிட்டது. மாமியார் அதற்குப் பிறகும் மசியவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை.

ஏஜென்ட் ஆபீஸ் கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலே, ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. முதல் தடவை தனியாகத்தான் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கப்பலின் படம். ஏஜென்ட் டை கட்டியிருந்தார். மரியாதையாகப் பேசினார், டீ வரவழைத்தார். விஷயத்தை நிதானமாகச் சொன்னார். பயணிகள் அவரவர் காப்பீட்டை அவரவர் எடுக்கிறார்கள். வேலைக்காரர்களுக்குக் கப்பல் கம்பெனி எடுத்து வைத்திருக்கிறது. ஆனால் வேலைக்குச் சேரும் முன்பே இருந்த நோய்க்கு அது பொருந்தாது. உங்கள் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்து வயிற்று நோய், அதற்கு ஏதோ வைத்தியமும் நடந்திருக்கிறது, அதை மறைத்துச் சேர்ந்திருக்கிறார். இதை ஒப்புக்கொண்டு நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால், கம்பெனி இரக்கப்பட்டு விமான டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பும், இங்கே நீங்கள் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். இல்லையென்றால் கம்பெனி கையைக் கழுவிவிடும்.

சேர்வதற்கு முன்னால் உங்கள் டாக்டர்தானே அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார், அப்போது அந்தத் தழும்பு அவர் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். பார்த்திருப்பார், ஆனால் ஒன்றும் எழுதவில்லையே என்றார். எழுதுவாரா? சென்னையில் உட்கார்ந்து கடலோரத்து ஆட்களைப் பார்க்கிற டாக்டர் அந்த மாதிரி வயிற்றைத் தினமும்தான் பார்க்கிறார். காது குத்தின ஓட்டையை யாராவது நோய் என்று எழுதி வைப்பார்களா? எழுதத் தேவையில்லை என்று அவர் நினைத்தார், என் புருஷனும் நினைத்தார், இங்கே பிறந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஏஜென்ட் பேனாவைத் திறந்து என் பக்கம் வைத்தார். நான் அதை மூடி அவர் பக்கம் வைத்தேன். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துச் செங்கல்பட்டில் இறங்கி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளி நோயாளிப் பிரிவில் கூட்டம் தள்ளியது. என் முறை வந்தபோது உட்கார்ந்திருந்தது ஒரு பெண் டாக்டர். நோயாளி எங்கே என்றார். வெளிநாட்டில், குடல்வால் வீக்கம், விமானத்தில் ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்றேன். ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் விரட்டவில்லை. விமானத்தில் எவ்வளவு நேரம் வர வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டார். ஒரு நாள் முழுக்க, நடுவில் இரண்டு இடத்தில் மாறி என்றேன்.

"இந்த நிலைமையில ஏறவே கூடாது. ஆகாயத்துல வெடிச்சா யாரு என்ன பண்ண முடியும்?" என்றார்.

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரைக்கும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேலை, சண்டை, அநியாயம். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் போய், அவர் செத்துவிடுவார் என்பது மட்டும் நின்றது. அழுகை வந்தது. அழுதுகொண்டே முன்கையை நீட்டித் தழும்பைக் காட்டி, இந்த மாதிரித் தழும்பால்தான் அவர் ஆபரேஷனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அந்த டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்துத் திரையை இழுத்துக் காட்டினார். அங்கே ஒரு கைக்குழந்தை, தொப்புளைச் சுற்றி இன்னும் ஆறாத புண். இதைப் பார்த்தால் எனக்கு அப்படி ஆத்திரம் வரும், இன்று காலையிலிருந்து இது மூன்றாவது குழந்தை என்றார். இது வியாதி இல்லை, வியாதிக்கு வைத்தியம் தெரியாத முட்டாள்தனம், குடல்வாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வீங்கின குடல்வாலை எவனும் இவ்வளவு நாள் சுமந்துகொண்டு திரிய முடியாது என்றார். அதையே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அரசு டாக்டர் எழுதினாலும் அவர்கள் நம்புவார்களோ என்னவோ, அவர்கள் ஊரில் இப்படி ஒரு வயிற்றையே பார்த்திருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்படியானால் பார்க்க வைக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வரும்போது அழுகை நின்றுவிட்டது. கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. அழுகையைவிடக் கோபம் எனக்கு எப்போதும் வசதியான விஷயம்.

வீட்டுக்குப் போய், இரண்டாவது அடுப்பு இருந்த பக்கம் முதல் தடவையாகப் போனேன். மாமியார் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். நீங்கள் வைத்த சூட்டைக் காட்டித்தான் உங்கள் பிள்ளையைச் சாகவிடப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு குரூரமான திருப்தி இருந்தது, மறைப்பானேன். அந்தம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை.

"எங்க கீறான் அந்த ஆளு?" என்றார்.

அன்று சாயங்காலம் மாமியாரே வீடு வீடாகப் போனார். கடன் கேட்கிற மாதிரி இல்லை, கட்டளை போடுகிற மாதிரி. உனக்கு நான் சூடு வெச்சேன், உன் அண்ணனுக்கும் நான்தான் வெச்சேன், காலையில பஸ்ஸுக்கு வந்து நில்லு. குப்பத்தில் பாதி வயிறு அந்தம்மா கைப்பட்டது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. மறுநாள் காலை ஒரு பஸ் நிறைய ஆம்பிளைகள் நின்றார்கள். எல்லோரும் தேய்த்த சட்டை போட்டுத் தலை வாரியிருந்தார்கள். கடற்கரைக் கோயில் பக்கம் சுற்றுலாக்காரர்களைப் படம் எடுத்து அங்கேயே கையில் கொடுக்கிற எங்கள் போட்டோகாரரும், உடனடிக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்னா, கட்சி மாநாடா என்று கண்டக்டர் கேட்டார். இல்ல, வயித்தக் காட்டப் போறோம் என்றார் மாமியார். கண்டக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கிழித்தார்.

கூடுவாஞ்சேரியில் அந்த மாடிப்படி முழுக்க எங்கள் ஆட்கள். ஆபீசுக்குள் அன்றைக்கு வேலைக்கு ஆள் எடுக்கிற நாள். சுவரோரமாக நாற்காலிகளில் ஹோட்டல் பையன்கள் ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் எங்கள் குப்பத்துக்காரரும் ஒருவர் இருந்தார், எங்கள் பின்தெருவிலிருந்து. கல்யாணம் நிச்சயமாகி, கப்பல் வேலையை நம்பி நாள் குறித்தவர். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏஜென்ட் வெளியே வந்து, இதெல்லாம் என்னம்மா, கூட்டம் சேர்த்துக்கொண்டு என்றார். டாக்டர் எழுதினதை நான் அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, லோக்கல் டாக்டர் சொல்வதை இன்சூரன்ஸ்காரர்கள் ஏற்க மாட்டார்கள் என்றார். அப்படியானால் இதை ஏற்கச் சொல்லுங்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

யாரும் அசையவில்லை. கடற்கரையில் நாள் முழுக்க வெற்றுடம்போடு நிற்கிறவர்கள்தான். ஆனால் அந்த ஏ.சி. அறையில், தேய்த்த சட்டையோடு, டை கட்டின மனுஷனுக்கு முன்னால் வயிற்றைக் காட்ட அவர்களுக்குக் கூசியது. எனக்கும் கூசியது. பிச்சைக்கு வந்தவர்கள் போல ஆகிவிட்டோமோ என்று ஒரு நொடி நினைத்தேன். மாமியார்தான் முன்னால் வந்தார். பக்கத்தில் நின்ற தன் தம்பி மகனின் சட்டையைப் பிடித்து மேலே தூக்கினார். தொப்புளைச் சுற்றி மூன்று. அவன் அசடு வழியச் சிரித்தான். அடுத்தவர் தானே தூக்கினார். அதற்கடுத்தவர். வரிசையாகச் சட்டைகள் மேலே போயின. தொப்பை வயிறு, ஒட்டின வயிறு, நரைமுடி வயிறு. எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். நான் என் கையை ஏஜென்ட் மேசைமேல் நீட்டி வைத்தேன்.

"எல்லாம் நான் வெச்சது. எல்லாரும் உசிரோட கீறாங்க. இவனுங்களுக்கெல்லாம் வயித்து நோவுன்னு எழுது, அப்பால என் புள்ளைக்கும் எழுதிக்கோ" என்றார் மாமியார்.

நான் வாழ்நாள் முழுக்க வெறுக்கிற ஒரு காரியத்தை அந்தம்மா அப்படிப் பெருமையாகச் சொன்னார். அந்த இடத்தில் அதை நான் மறுக்கவில்லை. வீட்டுச் சண்டை வீட்டுக்குள், வெளியே இவன்தான் எதிராளி என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் அது நடந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ ஒரு பையன், மதுராந்தகத்துப் பக்கமோ என்னவோ, எங்களுக்கு முன்பின் தெரியாதவன், எழுந்து, இன் பண்ணியிருந்த சட்டையை வெளியே இழுத்துத் தூக்கினான். அவனுக்கு விலாவில் ஒரே ஒரு பெரிய தழும்பு. பிறகு இன்னொருவன். கடைசியில் எங்கள் பின்தெருக்காரர் ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டையைத் தூக்கிக்கொண்டு ஏஜென்ட் முகத்தை நேராகப் பார்த்து நின்றார்.

இத்தனை வயிற்றை நான் ஃபேக்ஸிலா அனுப்ப முடியும் என்று ஏஜென்ட் எரிந்து விழுந்தார். அனுப்பலாமே என்றார் எங்கள் போட்டோகாரர். கொஞ்சம் பின்னால் போங்கண்ணா, லைட்டை மறைக்கிறீர்கள் என்று ஏஜென்டையே நகர்த்திவிட்டு, வெள்ளைக் கப்பல் படத்துக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஈரப் படத்தை விசிறி ஆற்றி மேசைமேல் வைத்தார். தலையில்லாத வயிறுகள், கீழே வேட்டியும் லுங்கியும் பேண்டும். சில பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தையும் டாக்டர் எழுதினதையும் இப்போதே கப்பல் கம்பெனியின் பம்பாய் ஆபீசுக்கு அனுப்புங்கள், அங்கிருந்து காப்பீட்டுக்காரர்களுக்குப் போகட்டும், ஆபரேஷன் அங்கேயே நடக்கட்டும், பதில் வரும்வரை நாங்கள் படியில்தான் இருப்போம் என்றேன். ஏஜென்ட் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது என்றேன். அப்போது மாமியார் அவர் பக்கத்தில் போய் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"என் புள்ள பொணமா வந்தா குப்பத்துக்கு எடுத்துக்கினு போ மாட்டோம். இந்த வாசல்லதான் வெப்போம். உனக்கும் சூடு வெச்சிருப்பாங்க, நைனா. தூக்கிப் பாரேன்."

ஏஜென்ட் தன் சட்டையின் முன்பக்கத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அவருக்கும் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே ஃபேக்ஸ் மெஷின் சத்தம் கேட்டது.

பதில் அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தோம், பாதிப் பேர்தான். கடலை விட்டுவிட்டு எத்தனை நாள் வருவார்கள்? மாமியார் மட்டும் மீன் கூடையைத் தொடவில்லை. படியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன புளிச்சோற்றை என் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார். அவ்வளவுதான் பேச்சு. மூன்றாம் நாள் காலை நாங்கள் படியேறும்போதே ஏஜென்ட் மேலிருந்து சொன்னார், ராத்திரி ஆபரேஷன் முடிந்துவிட்டது, திறந்தபோது சீழ் கட்டியிருந்ததாம், நல்ல நேரத்தில் செய்தார்கள் என்று. நல்ல நேரத்தில்! அந்த மனுஷன் வாயிலிருந்து. மாமியார் படியிலேயே உட்கார்ந்து, அதுவரைக்கும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார்.

ஒரு மாதம் கழித்து என் புருஷன் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். பாதி ஆளாகிவிட்டிருந்தார். அந்த ஹெலிகாப்டர் பயணத்தை அவர் எனக்குச் சொன்னது கொஞ்சம் தேறிய பிறகுதான். தன்னை ஏற்றும்போது கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நோயில்லை, நோயில்லை என்று கத்தினாராம். இறங்கினால் வேலை போய்விடுமே என்று. விரல் விரலாகப் பிரித்துத்தான் உள்ளே தூக்கிப் போட்டார்கள். பக்கத்துப் படுக்கையில் அந்த வெள்ளைக்காரப் பெரியவர். சட்டையைத் திறந்து வைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழிருந்து வயிறு வரை ஒரு நீளக் கோடு, பழைய இதய ஆபரேஷன். அவர் அதைக் காப்பீட்டுக்காரர்களிடம் சொல்லி, கூடுதலாகக் கட்டி, தைரியமாகக் கப்பல் ஏறியவர். எந்தக் கேள்வியும் இல்லாமல் அவரைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோகட்டும், அவரும் பிழைக்க வேண்டியவர்தானே. ஆனால் அந்த நெஞ்சை அறுத்த கோடு நோயில்லை, என் புருஷனின் மஞ்சள் புள்ளிதான் நோய் என்று எழுதினார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

நாங்கள் ஜெயித்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஏஜென்ட் அதற்குப் பிறகு எங்கள் கரையிலிருந்து ஒருவரைக்கூட எடுக்கவில்லை. ஹோட்டல் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். என் புருஷனை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்று ஃபைலை வைத்துவிட்டு எழுந்து நின்றாரே பின்தெருக்காரர், அவருடைய வேலையும் போனது. கப்பல் சம்பளத்தைப் பார்த்துப் பெண் கொடுக்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். நாள் குறித்த கல்யாணம் நின்றது. எனக்கு அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. அவர் ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னை எங்கே பார்த்தாலும், மச்சான் எப்படிக் கீறாரு என்றுதான் கேட்பார்.

அவருடைய அம்மா கேட்டார். ஒரு நாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் என் குடத்தை வைத்ததும் அந்தம்மா அதைக் காலால் தள்ளினார். குடம் உருண்டு போய்ச் சேற்றில் விழுந்தது. உன் ஒரு ஆம்பிளைக்காக என் வூட்டுப் பொழப்பையே கெடுத்தியே, வயித்தக் காட்ட வெச்சு ஊரையே அசிங்கப்படுத்தினியே என்று கத்தினார். யாரும் குறுக்கே வரவில்லை. வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"உன் புருஷன் உசிரோட குந்திகினு கீறான். என் புள்ளைக்கு இன்னா கீது?" என்றார்.

காலில் விழுந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தம்மாவுக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் எதற்காக மன்னிப்பு? என் புருஷன் செத்துப் பெட்டியில் வந்திருந்தால், இவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். நல்லவள் என்றும் சொல்லியிருப்பார்கள். அந்த நல்ல பெயர் எனக்கு வேண்டாம்.

"ஆமா. உசிரோட கீறாரு. அதுக்குத்தான் போனேன். நாளைக்கு உன் புள்ளைக்குன்னாலும் போவேன்" என்றேன்.

சேற்றில் கிடந்த குடத்தை எடுத்துக் கழுவினேன். வரிசையின் கடைசியில் போய் நின்று, என் முறை வரும்வரை காத்திருந்து, தண்ணீர் பிடித்தேன். இடுப்பில் குடத்தோடு வீட்டுக்கு வந்தபோது என் புருஷன் வாசலில் நின்றிருந்தார், தையல் போட்ட பக்கத்தை ஒரு கையால் பிடித்தபடி. குழாயடிச் சத்தம் முழுக்க அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். குடத்தை வாங்க முன்னால் வந்தார். வேண்டாம், கனம் தூக்கக் கூடாது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பசிக்குது என்றார்.